வாழையிலையில் என் லினக்ஸ் புத்தகம்

விஜயதசமி காலை. என் லினக்ஸ் புத்தகம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கும் பொரித் தட்டுக்கும் நடுவே, வாழையிலையில் நிம்மதியாகப் படுத்திருந்தது. கொஞ்சம் தள்ளி, மாடிப்படிக்குக் கீழே, கடையின் சர்வர் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

ஆயுத பூஜையில் வைத்த புத்தகத்தை, மறுநாள் புனர்பூஜை முடியும் வரை தொடக் கூடாது. புனர்பூஜை இன்னும் ஆகவில்லை.

தி. நகர் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்று நின்றே கால் நரம்பெல்லாம் புடைத்துப் போன கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "எல்லாம் சரி, கடைசியில் எப்போதுதான் உட்கார்ந்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இந்த வாரம் நான் உட்கார்ந்த கதை.

படிக்குக் கீழே ஒரு நாற்காலி

எங்கள் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவர் மனைவி எல்லோருக்கும் அம்மா. கல்லாவில் அண்ணாச்சி வைத்தது சட்டம், பூஜையில் அம்மா வைத்தது சட்டம். இந்த எல்லைக்கோட்டை இருவரும் தாண்டி நான் பார்த்ததில்லை.

புடவைப் பிரிவிலிருந்து என்னைப் பில்லிங் கவுன்டருக்கு மாற்றியிருந்தார்கள். அங்கேயும் நிற்கத்தான் வேண்டும். கவுன்டரில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் இருந்த ஒரே ஒரு பெட்டியை நம்பிப் பிழைத்தன. அதுதான் சர்வர். அது படுத்தால் கடையில் ஒரு கைக்குட்டைக்குக்கூடப் பில் போட முடியாது.

அது படுக்கும்போதெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து ஒருவர் வருவார். "கொஞ்சம் வெளிய இருங்க" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். பிரசவ வார்டு வாசலில் நிற்பதைப் போல நாங்கள் வெளியே நிற்போம். ஒருமுறை நான் எட்டிப் பார்த்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்ன சார், எங்க கவுன்டர்ல இருக்கற மாதிரி இல்லியே?"

"லினக்ஸ். உங்களுக்குப் புரியாது மேடம்."

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று தைத்தது. கணக்கில் நல்ல மார்க் வாங்கி, மேலே படிக்க வழியில்லாமல் கடைக்கு வேலைக்கு வந்தவள் நான். அந்த ஒரு வார்த்தையை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனேன்.

ஆடித் தள்ளுபடி நேரத்தில் சர்வர் படுத்தது. கம்பெனிக்காரர் வரவே இல்லை. அண்ணாச்சி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நம்ம ஆளுகள்ல யாராச்சும் இதப் படிச்சிக்கிடுதீங்களா? ஊரான நம்பி எத்தன நாளைக்குக் கடைய வச்சிருக்கது?"

ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். அறிவுத் தாகம், ரோஷம் என்றெல்லாம் இன்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால், அந்த அறையில் வேலை பார்க்கிறவர் உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பார். எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது.

"நீயா ஸ்டெல்லா?" அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. விஜயதசமி வரைக்கும் பாரு. அன்னைக்கு மொத பில்லு ஒழுங்கா விழுந்துச்சின்னா, அந்த ரூமு ஒனக்கு. இல்லன்னா கம்பெனிக்காரன்ட்ட வருசத்துக்கும் எழுதிக் குடுத்துருதேன், நீ கவுன்டருக்கே போயிரணும். சரியா?"

எந்தக் காரியத்தையும் அவர் விஜயதசமி அன்றுதான் தொடங்குவார். அதனால் கெடுவும் விஜயதசமிதான். தன் அறையில் கிடந்த பழைய சுழல் நாற்காலி ஒன்றை எடுத்து உள்ளே போடச் சொன்னார். "இதுவும் விஜயதசமி வரைக்குந்தான்" என்று சேர்த்துச் சொன்னார். அவர் அப்படித்தான், எதையும் பாக்கி வைக்க மாட்டார்.

லஸ் நடைபாதையில் கிடைத்தது

மயிலாப்பூர் லஸ்ஸில், நடைபாதைப் புத்தகக் கடையில், வினா-விடை கைடுகளுக்கு அடியில் அந்தப் புத்தகம் கிடந்தது. செங்கல் கனம். லினக்ஸ் நிர்வாகம், புதிதாக வருகிறவர்களுக்கு. அட்டையில் பாதி இல்லை. முந்தைய சொந்தக்காரர் மூன்றாவது அத்தியாயம் வரைக்கும் பென்சிலால் கோடு போட்டுப் படித்திருந்தார். அதற்கு மேல் ஒரு பக்கத்தில்கூடக் கை பட்ட அடையாளம் இல்லை. அவருக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலை எனக்கு இன்றைக்கும் உண்டு.

என் தம்பி வேண்டாமென்று ஒதுக்கிய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்குத் தூக்கிவந்தேன். எங்கள் வீடு பட்டினப்பாக்கத்தில், கடல் காற்று நேராக வந்து மோதுகிற இடத்தில். அங்கே கதவுக் கீல் முதல் கரண்டி வரை எல்லாம் துருப்பிடிக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் நாளே பாஸ்வேர்டு கேட்டது. தட்டினேன். திரையில் ஒன்றுமே விழவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை. மறுபடியும் தட்டினேன். ஊஹூம்.

என் கணவர் அந்தோணி, பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "உப்புக் காத்துல கீபோர்டு செத்துப்போச்சு. கவுத்துத் தட்டு."

கவிழ்த்துத் தட்டினோம். பழைய சோற்றுப் பருக்கை, ஒரு கரப்பான் கால், என் தம்பி மகளின் கம்மல் திருகாணி எல்லாம் விழுந்தன. பாஸ்வேர்டு மட்டும் விழவில்லை. துணி போட்டுத் துடைத்து, வெயிலில் காயவைத்து, மறுநாள் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினால், 'பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம்' என்று எழுதியிருக்கிறது! இதை ஒரு பக்கம் முன்னால் சொல்லியிருந்தால் ஒரு கீபோர்டு குளிக்காமல் தப்பித்திருக்கும்.

இன்னொரு நாள் எழுதுவதற்கான ஒரு புரோகிராமுக்குள் போனேன். போன வழி தெரிந்தது, வெளியே வருகிற வழி தெரியவில்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். எதை அழுத்தினாலும் இன்னும் உள்ளே தள்ளியது. கடைசியில் பிளக்கைப் பிடுங்கினேன். வெளியே வருவதற்கென்று இரண்டு மூன்று விசைகளை வரிசையாக அழுத்த வேண்டும் என்பதைப் பிறகு படித்து, ஜெபம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டேன்.

வேறு சில விஷயங்கள் சுலபமாகப் பிடிபட்டன. வேலை நல்லபடியாக முடிந்தால் லினக்ஸ் வாயைத் திறக்காது. தப்பு செய்தால்தான் பேசும். புத்தகம் இதற்கு அரைப் பக்கம் விளக்கம் தந்திருந்தது. எனக்குத் தேவைப்படவில்லை. அந்தோணி சாப்பிடுகிற லட்சணமே அதுதான். மீன் குழம்பு நன்றாக இருந்தால் ஒரு வார்த்தை வராது. உப்புக் கம்மி என்றால் லைட் ஹவுஸ் வரைக்கும் கேட்கும்.

"பைபிளக்கூட நீ இப்டிக் கோடு போட்டுப் படிச்சதில்ல" என்று அவர் சீண்டுவார்.

"அதுல ஒரு வரி தப்பாப் படிச்சா கடையில பில்லு நிக்காதுல்ல" என்பேன்.

சண்டை இல்லை. சந்தோஷமான நாட்கள் அவை. சமைத்து முடித்துவிட்டு, கடல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஒரு கமாண்ட் தட்டி அது பேசாமல் இருந்தால் எனக்குச் சிரிப்பு வரும். இந்த வயதில் ஒன்றைப் புதிதாகப் படித்துப் புரிந்துகொள்வதில் இத்தனை ருசி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கடைச் சர்வரில் நானாகச் செய்த முதல் காரியம், கணக்குக்கு ஒரு நகல் வைத்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு டிஸ்க்கை வயர் போட்டு இணைத்தேன். தினமும் கடை சாத்தும் நேரத்தில் அன்றைய கணக்கு முழுவதும் தானாக அதில் பதியும். சர்வர் ஒவ்வொரு முறை கண் விழிக்கும்போதும் அந்த டிஸ்க்கையும் கூடவே எழுப்பிக்கொள்ள வேண்டும் என்று, புத்தகத்தைப் பார்த்து ஒரு வரி எழுதி வைத்தேன். அந்த ஒரு வரியில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. எல்லா வினையும் அதில்தான் இருந்தது.

உன் ஆயுதம் எது?

ஆயுத பூஜை அன்று கடையில் ஒவ்வொருவரும் அவரவர் தொழிலுக்கான சாமானைப் பூஜையில் வைப்போம். துணி அளக்கும் மீட்டர் ஸ்கேல், ஆல்ட்டரேஷன் டெய்லரின் கத்தரி, அண்ணாச்சியின் பேனா. அம்மா ஒவ்வொன்றாக வாங்கி, துடைத்து, பொட்டு வைத்து இலையில் அடுக்குவார். வருஷா வருஷம் நான் இன்ச் டேப் கொடுப்பேன்.

"ஸ்டெல்லா, இந்த வருசம் ஒன் ஆயுதம் எதும்மா?"

நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அரை அட்டை போன புத்தகத்தை அத்தனை மரியாதையாக யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை.

நான் சாந்தோம் சர்ச் பங்கைச் சேர்ந்தவள். எங்கள் பங்குச் சாமியார் பார்த்தால் என்ன நினைப்பாரோ என்று ஒரு நொடி தோன்றியது. அன்று காலையில் அவர் ஸ்கூட்டருக்கே மெக்கானிக் மாலை போட்டு அனுப்பியிருந்தது ஞாபகம் வந்தது. மனம் சமாதானமாகிவிட்டது.

"மிஷினுக்கும் இன்னைக்கு ஓய்வு குடுத்துரும்மா. எப்பப் பாத்தாலும் ஓடிக்கிட்டே கெடக்கு, பாவம்" என்றார் அம்மா.

முறைப்படி கமாண்ட் கொடுத்து சர்வரைத் தூங்க வைத்தேன். அதன் முகப்பிலும் ஒரு பொட்டு வைத்தோம். பொரி கடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பினேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் அம்மா என்னிடம் இன்னொன்றும் கேட்டிருந்தார். "கடைக் கணக்கெல்லாம் இப்பம் எதுலம்மா இருக்கு?" நான் கறுப்பு டிஸ்க்கைக் காட்டி, "எல்லாம் இந்தச் சின்னப் பொட்டியில இருக்குமா" என்றேன். சர்வரில் இருப்பதன் நகல்தான் அது என்று விளக்கியிருக்கலாம். பீற்றிக்கொள்கிற அவசரத்தில் அதெல்லாம் எங்கே தோன்றுகிறது?

பூசணிக்காயும் ஆளுக்கொரு வைத்தியமும்

விஜயதசமி காலையில் தெருவெல்லாம் முந்தின நாள் உடைத்த பூசணிக்காய். குங்குமம் தடவிய துண்டுகளைக் காக்கைகள் இழுத்துக்கொண்டிருந்தன. வாசலில் வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள். வாட்ச்மேன் டில்லி ஷட்டரைத் தூக்கிவிட, நான் உள்ளே போய் சர்வரைப் போட்டேன்.

எழுத்து ஓடியது. நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, அவசர நிலைக்கு வந்துவிட்டேன், பாஸ்வேர்டு கொடுத்து என்னவென்று பார் என்று சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, பேஜாரா கீது?" டில்லி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு? கண்ணு பட்டுப்போச்சா?"

"சும்மா இரு டில்லி."

பழக்க தோஷத்தில் பைக்குள் கையை விட்டேன். புத்தகம் பையில் இல்லை. அப்போதுதான் நான் தொடங்கிய இடத்துக்கு வந்து நின்றேன். புத்தகம் இலையில், நான் நடுவில்.

செல்போனில் தேடினால் போயிற்று என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. படிக்குக் கீழே சிக்னல் கிடைக்காது. தெருவுக்குப் போய், பூசணிக்காய்த் துண்டுகளுக்கு நடுவே நின்று தேடினேன். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் உள்ளே இருக்கும் டிஸ்க்கை மாற்றச் சொன்னார். இன்னொருவர் அதெல்லாம் தப்பு, இப்படிச் செய் என்று எனக்குப் புரியாத முழ நீளக் கமாண்ட் ஒன்றைக் கொடுத்தார். மூன்றாமவர், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே நல்லது என்றார். தலைவலிக்குத் தலையை எடுக்கிற வைத்தியம் அது. போனை மூடிவிட்டு உள்ளே வந்தேன்.

அண்ணாச்சி வந்துவிட்டிருந்தார். பட்டுக்கரை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு.

"என்னம்மா, ஓடுதா?"

"பாத்துக்கிட்டிருக்கேன் அண்ணாச்சி."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "லீவு நாளுதான். ஆனா கூப்ட்டா கம்பெனிக்காரன் வந்துருவான். நல்ல நாளும் அதுவுமா பில்லு நின்னுரக் கூடாதுல்லா."

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புனர்பூஜை முடிந்ததும் முதல் பில், தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு மஞ்சள் வேட்டிக்குப் போடப்படும். அண்ணாச்சியே உட்கார்ந்து போடுவார். அந்தப் பில் விழாமல் கடையில் வேறு வியாபாரம் கிடையாது. அதைக் கையால் எழுதவும் மாட்டார்.

"பூஜ முடியறதுக்குள்ள சரி பண்ணிடறேன் அண்ணாச்சி. அதுவரைக்கும் போன் பண்ணாதீங்க."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்கே தெரியாது. அவர் போனைப் பைக்குள் போடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு போனார். நான் அந்தச் சுழல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். கவுன்டருக்குத் திரும்பிப் போவதை நினைத்தபோது கால் வலி ஞாபகம் வரவில்லை. இனி இந்தக் கறுப்புத் திரை எனக்கில்லையே என்றுதான் தோன்றியது. நாற்காலிக்காக வந்தவள்தான். எப்போது மாறினேன் என்று தெரியவில்லை.

அது என்ன சொல்கிறது?

புத்தகத்தில் ஒரு பக்கத்தில் மட்டும் நான் இரட்டைக் கோடு போட்டிருந்தேன். எது நின்றுபோனாலும் கையை வைப்பதற்கு முன்னால் இயந்திரம் என்ன சொல்கிறது என்று படி. அவ்வளவுதான் அதன் சாரம். இத்தனை நேரம் எல்லோரையும் கேட்டேன், சர்வரைத்தான் கேட்கவில்லை.

பாஸ்வேர்டைத் தட்டினேன். திரையில் ஒன்றும் விழவில்லை. இந்த முறை கீபோர்டைக் கவிழ்க்கவில்லை. என்ன நடந்தது என்று சர்வர் எழுதி வைத்திருந்ததை வரி வரியாகப் படித்தேன். நல்லதுதான் நடந்திருக்கிறது, எல்லாம் சரி, சரி, சரி. ஓரிடத்தில் மட்டும் சிவப்பு. கணக்கு நகல் டிஸ்க்குக்காகக் காத்திருந்தேன், அது வரவில்லை, அது இல்லாமல் மேலே போக எனக்கு உத்தரவில்லை என்றது சர்வர்.

சர்வருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். வயர் தொங்கிக்கொண்டிருந்தது. டிஸ்க்கைக் காணோம்.

"டில்லி! இங்க இருந்த கறுப்புப் பொட்டியப் பாத்தியா?"

டில்லிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, சத்தியமா நான் எங்கயும் நவுரல. கேட்டாண்டயே குந்திகினு இருந்தேன். ஈ காக்கா உள்ள வர்ல."

"உன்ன யாருப்பா சொன்னாங்க?"

இருவருமாகத் தேடிக்கொண்டே வெளியே வந்தோம். என் கண் தானாக மறுபடியும் பூஜைப் பக்கம் போயிற்று. வாழையிலை. அதன்மேல் என் புத்தகம். புத்தகத்தின்மேல், பூச்சரத்துக்கு அடியில், நாலு மூலைக்கும் மஞ்சளும் நடுவில் குங்குமமும் வைத்துக்கொண்டு கறுப்பு டிஸ்க்! வரும்போது அந்தப் பூச்சரத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டில்லி, "அக்காவுக்கு இன்னாமோ ஆய்ப்போச்சு" என்பதுபோலப் பார்த்தார்.

அம்மாவின் கணக்கில் தப்பே இல்லை. அந்தக் காலத்தில் கணக்குப் புத்தகத்தைப் பூஜையில் வைப்பார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு வைப்பதற்கு என்ன இருக்கிறது? வருஷா வருஷம் ஒன்றும் எழுதாத ஒரு நோட்டை ஒப்புக்கு வைத்துவந்தார். இந்த வருஷம் உண்மையான கணக்கு எதில் இருக்கிறது என்று நானே கையைக் காட்டிச் சொல்லிவிட்டேன். நான் கிளம்பியதும் பத்திரமாகக் கழற்றி, துடைத்து, பொட்டு வைத்துப் படுக்க வைத்துவிட்டார்.

அம்மா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். கேட்டால் எடுத்துக் கொடுத்திருப்பார். மாட்டேன் என்று சொல்கிறவர் இல்லை. ஆனால் புனர்பூஜைக்கு முன்னால் கலைத்துவிட்டோமே என்று வருஷம் முழுக்க அவர் மனது உறுத்திக்கொண்டே இருக்கும். கடையில் ஒரு பீஸ் கிழிந்தால்கூட அதனால்தானோ என்று நினைப்பார். அதனால் கேட்கவில்லை. தவிர, ஒரு கையகலப் பெட்டி இல்லையென்றால் கடையே நின்றுபோகிற மாதிரி எழுதியவள் நான். திருத்த வேண்டியது என் வரியைத்தான்.

இருந்தால் எழுப்பு, இல்லாவிட்டால் நீ பாட்டுக்குப் போ என்று சொல்ல ஒரு வார்த்தை உண்டு. அந்த வரியை நான் பார்த்து எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே இருந்தது. படித்தது நினைவிருக்கிறது, வார்த்தைதான் வரவில்லை. புத்தகமோ டிஸ்க்குக்கு அடியில்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டேன். முந்தைய சொந்தக்காரர் பென்சிலால் கோடு போட்டிருந்த முதல் அத்தியாயம் கண்முன் வந்தது. லினக்ஸ் தன்னைப் பற்றிய புத்தகத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது, 'மேன்' என்று தட்டி எதைப் பற்றி வேண்டுமோ அதன் பெயரைச் சொன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டும். கையில் செங்கல் கனத்துக்குப் புத்தகம் இருந்ததால் நான் அந்தப் பக்கமே போனதில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

தட்டினேன். பக்கம் பக்கமாக வந்தது. நடை கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் அதற்குள் எனக்கு அந்த மொழி பழகியிருந்தது. வெளியே மணிச் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது அந்த வார்த்தை கண்ணில் பட்டது. நோஃபெயில்.

என் வரியைத் திறந்து அதைச் சேர்த்தேன். ஜெபம் மாதிரி மனப்பாடம் செய்த விசைகளை அழுத்தி வெளியே வந்தேன். சர்வர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குத் தெரியும். அணைத்துவிட்டுப் போட்டேன். சரி, சரி, சரி என்று வரிகள் ஓடின. சிவப்பு வந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அதையும் தாண்டி ஓடியது.

"அக்கா!" கவுன்டரிலிருந்து டில்லி கத்தினார். "உன் பொட்டி முழிச்சிகிச்சு! இங்க பில்லு பக்கம் வந்து நிக்குது பாரு!"

முதல் பில்

கற்பூர ஆரத்தி முடிந்தது. அண்ணாச்சி கவுன்டரில் உட்கார்ந்து, கண்ணை மூடித் திறந்து, மஞ்சள் வேட்டிக்குப் பில் போட்டார். பிரிண்டர் கரகரவென்று துப்பியது. கிழித்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தார்.

"எழுத்து வெளுத்து விழுது. ரிப்பன மாத்தணும்" என்றார். கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு அது போதும்.

அம்மா என்னைக் கூப்பிட்டார். "பூசையில வச்சத எடுக்கையில நாலு வரி வாசிச்சிட்டுத்தான் எடுக்கணும். வாசி ஸ்டெல்லா, எல்லாரும் கேக்கட்டும்."

விரித்த பக்கத்தை வாசித்தேன். டிஸ்க் நிரம்பினால் எந்தெந்தக் கமாண்ட் கொடுக்க வேண்டும் என்று இங்கிலீஷில் நாலு வரி. சேல்ஸ் பெண்கள், டெய்லர், டில்லி, அண்ணாச்சி எல்லோரும் கைகூப்பிக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் குரல் இடறியது.

புத்தகத்தையும் டிஸ்க்கையும் அம்மா என் கையில் கொடுத்தார். டிஸ்க்கைக் கொடுக்கும்போது ஒரு நொடி தயங்கினார்.

"காலையில இது இல்லாமத்தான் அது முழிக்கலியோ?"

டில்லி உளறியிருக்க வேண்டும்.

"முழிச்சிருச்சுமா. இனிமே இது இல்லன்னாலும் முழிச்சிக்கும். வருஷா வருஷம் நீங்க தாராளமா எடுத்துப் பூஜையில வைங்க."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். நான் டெய்லருக்கும் சேல்ஸ் பெண்களுக்கும் சுண்டல் கட்டிக் கொடுத்துவிட்டு, புத்தகத்தையும் டிஸ்க்கையும் மார்போடு அணைத்துக்கொண்டு படிக்குக் கீழே வந்தேன்.

முந்தின நாள் அந்த அறையில் சர்வருக்குப் பொட்டு வைத்தோம், கீபோர்டுக்கு வைத்தோம், மௌஸுக்குக்கூட வைத்தோம். இரவல் சாமான் என்பதால் நாற்காலிக்கு வைக்க எனக்குத் தோன்றவில்லை. இப்போது அதன் முதுகில், நட்டநடுவில், கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம். அதன்மேல் குங்குமம். ஈரம் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

கண் நிறைந்துவிட்டது எனக்கு. கதவைச் சாத்திக்கொண்டு, அந்தச் சந்தனம் காய்கிற வரைக்கும் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.